வாத்து ஊதல் செய்யப் பழகுவது: லேத் முதலிலா, ரீடு முதலிலா?

"லேத் வாங்கிவிடலாமா, இல்லை ஒரு ஜிக்கோடு நிறுத்திக்கொள்ளலாமா?" கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். லேத் என்பது மரக்கட்டையைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம்; ஜிக் என்பது ராவ வேண்டிய வடிவத்தைக் காட்டும் எஃகு அச்சு. மூவருக்கும் ஆசை ஒன்றுதான். அமெரிக்க வேட்டைக்காரர்கள் டக் கால் என்று சொல்லும் வாத்து ஊதலை, வாயில் வைத்து ஊதினால் பெட்டை மல்லார்ட் வாத்து மாதிரியே கத்தும் அந்தச் சின்னக் குழலை, சொந்தக் கையால் செய்ய வேண்டும். ஒருவர் வேட்டைக்குப் போகிறவர். இன்னொருவர் பல வருடமாகப் பேனாவும் கிண்ணமும் கடைந்து கடைந்து அலுத்துப்போனவர். மூன்றாமவர் குடியிருப்பது இரண்டு அறை அபார்ட்மென்டில்; இயந்திரம் வைக்க இடமே கிடையாது. இவர்கள் மூவருக்கும் கடைகளில் நீட்டப்பட்டது ஒரே பட்டியல்: லேத், உளி செட், கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக், விலை உயர்ந்த மரக்கட்டை.

நானும் அந்தப் பட்டியலை நம்பிப் போனவன்தான். முதலில் கடைந்த 11 ஊதலும் கண்ணுக்கு அழகு. ஊதினால் பத்து கிறீச்சிட்டன, ஒன்று வாயே திறக்கவில்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

ஊதலுக்குள் என்ன இருக்கிறது

வழிகளை ஒப்பிடுமுன் உறுப்புகளின் பெயர் தெரிய வேண்டும். ஊதல் இரண்டு துண்டு. வாய் வைக்கிற பக்கம் குழல், பேரல் என்பார்கள். மறுமுனையிலிருந்து அதற்குள் செருகுவது இன்சர்ட். இன்சர்ட்டிலிருந்து நாக்கு போலக் குழலுக்குள் நீளும் பகுதிக்கு டோன்போர்டு என்று பெயர். அதன் நடுவில் காற்று ஓட ஒரு வாய்க்கால். மேலே, அதிர்ந்து ஓசை எழுப்பும் ரீடு, அதாவது மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டிய பட்டை; ரீடின் அடியை இறுக்கிப் பிடிக்க ஒரு கார்க் ஆப்பு. அவ்வளவுதான்.

ஹார்மோனிய ரீடு ஒரு துளைக்குள் இங்குமங்கும் ஊசலாடும். இது அப்படியல்ல, கிளாரினெட் ரீடைப் போலப் பலகைமீது அடித்து அடித்து எழும். டோன்போர்டின் மேற்பரப்பு லேசாக வளைந்திருக்கும், ரீடு தட்டையானது. காற்றின் அழுத்தத்தில் ரீடு அந்த வளைவின்மேல் படியும், மீளும், மறுபடி படியும். ஆகவே ஓசையில் பெரும்பங்கு மூன்று இடங்களில் இருக்கிறது: வளைவு, ரீடின் நீளமும் கனமும், வாய்க்காலின் அளவு. குழல் ஓசைக்குக் கொஞ்சம் நிறம் கூட்டும். நாம் லேத்தில் மணிக்கணக்காக மினுக்குவது அந்தக் குழலைத்தான். வாத்து பிறப்பதோ அரத்தின் அடியில்.

இந்தத் தட்டை ரீடு, வளைந்த பலகை அமைப்பு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பீக்கின் ஊரில் பி.எஸ். ஓல்ட் 1900-களின் தொடக்கத்தில் எபனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த டி-2 ஊதலிலிருந்து பரவியது. ஆர்கன்சாக்காரர்கள் அதை மரத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ஆர்கன்சா பாணி என்றால் இதுதான். டென்னசியின் ரீல்ஃபுட் ஏரிப் பக்கம் வேறு மரபு: அங்கே ரீடு உலோகத் தகடு, வளைவு பலகையில் இல்லை, ரீடிலேயே இருக்கும்.

கையால் ஊதுகிற ஊதலுக்கு இன்னும் மவுசு இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்து மற்ற வாத்துகளை இழுப்பதற்கு அமெரிக்க மத்திய அரசு 1935-இல் தடை போட்டது. பதிவுசெய்த வாத்துக் குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு வாத்து வேட்டையாடுவதற்கும் அங்கே அனுமதி இல்லை. மிச்சம் இருப்பது வாயும் மூச்சும். ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் ஊரில் 1936-இல் தொடங்கிய ஊதல் போட்டி இன்றும் நடக்கிறது. முதல் வருடப் பரிசு 6.60 டாலர் மதிப்புள்ள ஒரு வேட்டைக் கோட்டு.

எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

முதலாவது, மொத்தச் செலவு. பட்டியல் விலை மட்டுமல்ல, ஆறு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் வருகிற தொகை. இரண்டாவது, வாத்து என்று பிறர் ஒப்புக்கொள்ளும் முதல் சத்தம் வர எத்தனை நாள் ஆகும். மூன்றாவது, அந்த வழி உங்கள் காதை எவ்வளவு பழக்குகிறது. நான்காவது, ஒரு தவறு எவ்வளவுக்குக் கடிக்கும்: ரீடு கெட்டால் சில சென்ட் போகும், இன்சர்ட் கெட்டால் ஒரு சாயங்காலமே போகும். ஐந்தாவது, இடமும் தூசியும் அக்கம்பக்கத்தாரின் பொறுமையும்.

"இதை நான் செய்தேன்" என்று எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதையும் சிலர் சேர்ப்பார்கள். விற்கப் போகிறவர்களுக்கு அது முக்கியம். பழகுகிறவருக்கு மூன்றாவதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது என்பது என் கட்சி.

எல்லா வழிக்கும் பொதுவாக ஒரு மறைந்த செலவு இருக்கிறது. ஊதத் தெரியாதவரால் ட்யூன் செய்ய முடியாது. கன்னத்தை உப்பி ஊதினால் எந்த ஊதலும் கிறீச்சிடும். தப்பு ஊதலிலா வாயிலா என்று புரியாமல் நல்ல பலகையை அரத்தால் ராவிக் கெடுத்துவிடுவோம். காற்று அடிவயிற்றிலிருந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது மாதிரி சூடாக வர வேண்டும். ஒரே குவாக்கைப் பத்துமுறை ஒரே மாதிரி ஊத வரும்வரை அரத்தைத் தொடாதீர்கள்.

வாங்கிய ஊதலைப் பிரித்து, ரீடை மட்டும் மாற்றிப் பழகுவது

யாரும் விளம்பரப்படுத்தாத வழி இது, ஏனென்றால் இதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை. 15 முதல் 25 டாலருக்குள் கிடைக்கும் ஒற்றை ரீடு பிளாஸ்டிக் ஊதல் ஒன்று, 0.010 அங்குலமும் 0.014 அங்குலமும் கனமுள்ள மைலார் தாள் ஒவ்வொன்று, கூரான கத்தரிக்கோல், மெல்லிய உப்புத்தாள், அழியாத மை பேனா. இவ்வளவு போதும்.

பிரிப்பதற்கு முன் ரீடும் கார்க்கும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று பேனாவால் கோடு போடுங்கள். இதைச் செய்யாமல் உருவி எடுத்துவிட்டுப் பழைய சத்தத்தைத் தேடி ஒரு வாரம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். (நானும்தான்.) மூல ரீடைத் தனியே பத்திரப்படுத்துங்கள். அதை அச்சாக வைத்து ஒரே அகலத்தில் பத்து ரீடு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்.

நுனியை அரை மில்லிமீட்டர் குறைத்தால் சுருதி ஏறும், குறைந்த மூச்சிலேயே பேசத் தொடங்கும். இன்னும் அரை மில்லிமீட்டர் போனால் அடிக்குரல் செத்துக் கிறீச்சல் மட்டும் மிஞ்சும். நீளமாக விட்டால் கரகரப்பும் ஆழமும் கூடும், ஆனால் மூச்சைக் குடிக்கும். கனமான மைலார் ரீடு உரக்கக் கத்தும், வாத்துகள் இரை தின்னும்போது எழுப்பும் வேகமான தீனிக் குரலுக்குச் சோம்பும். நுனியின் இரண்டு மூலைகளையும் சாய்வாகக் கத்தரிப்பதற்கு நாய்க்காது என்று பெயர். அது ரீடைச் சட்டென்று எழவைக்கும். கார்க்கை நுனிப் பக்கம் நகர்த்தினால் ரீடின் ஆடும் நீளம் குறையும், சுருதி ஏறும். நாகஸ்வரக்காரர் சீவாளியைச் சீவிச் சீவிப் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

ஒவ்வொரு ரீடையும் போனில் பதிவு செய்யுங்கள். போனை இருபது அடி தள்ளி வையுங்கள். ஊதுகிறவரின் காதில் விழுவது வேறு, எதிரே நிற்கிறவர் கேட்பது வேறு. வாத்து எதிரேதான் இருக்கிறது. ஈரமில்லாத ரீடை நம்பித் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. ஐந்து நிமிடம் ஊதி எச்சில் பட்ட பிறகுதான் அது தன் குணத்தைக் காட்டும். திடீரென்று சத்தம் அடைத்தால் அரத்தைத் தேட வேண்டாம், ரீடுக்கும் பலகைக்கும் நடுவே பல் இடுக்கு நூலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாதிக்குமேல் குறை ஒரு சோற்றுத் துணுக்காகவோ தூசியாகவோதான் இருக்கும்.

குறை என்னவென்றால், டோன்போர்டு வேறொருவர் தீர்மானித்தது. வளைவு மாறினால் என்ன ஆகும் என்பது இதில் கைக்கு வராது. செய்த பொருள் என்று காட்ட எதுவும் இருக்காது. இரண்டு வாரம் உழைத்துவிட்டு மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் குழலும் மைலார் சிதறலும் மட்டும் கிடக்கும். அப்புறம், வீட்டிலிருப்பவர்களின் காது. காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஊதிப் பழகுவது பலரும் கண்டுபிடித்திருக்கும் தீர்வு.

இந்த ஆசை நிலைக்குமா என்று சந்தேகம் இருப்பவருக்கும், இடமில்லாதவருக்கும், வேட்டைக்காரருக்கும் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. வேட்டைக்காரரை ஏன் சேர்க்கிறேன் என்றால், குளிரில் நட்டநடு ஏரியில் ஊதல் மக்கர் செய்யும்போது கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான்.

ஆயத்த இன்சர்ட், சொந்தக் குழல்

வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் இன்சர்ட்டுகள் சில டாலருக்கே கிடைக்கின்றன. கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் வெட்டி ட்யூன் செய்த அக்ரிலிக் இன்சர்ட் அதைவிடப் பல மடங்கு விலை. நீங்கள் கடைய வேண்டியது குழல் மட்டும்: கட்டையின் நடுவே 5/8 அங்குலத் துளை (பெரும்பாலான இன்சர்ட்டுகளுக்கு இது பொருந்தும்), வெளியே பிடித்த வடிவம், மெருகு. ஏற்கெனவே லேத் வைத்திருப்பவர் முதல் நாளே வாத்துச் சத்தம் போடும் ஊதலோடு எழுந்திருப்பார்.

லேத் இல்லாதவருக்குக் கணக்கு வேறு. மேசைமேல் வைக்கிற சிறிய லேத் 400 முதல் 700 டாலர் வரை. அதோடு சக், உளிகள், உளி தீட்ட கிரைண்டர், முகமூடி. கூட்டினால் ஆயிரம் டாலர் பக்கம் போய்விடும். தீட்டுவதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மழுங்கிய உளியோடு கடைய முயன்று மரத்தைப் பிய்த்த பிறகுதான் கிரைண்டர் வாங்க ஓடுவோம். துளை போடும்போது டிரில் பிட் மையத்தை விட்டு விலகுவது இன்னொரு தொல்லை. இன்சர்ட் அன்று கச்சிதமாக உட்காரும், மழைக்கால ஈரத்தில் மரம் ஊதிக்கொண்டு வெளியே வர மறுக்கும். காய்ந்ததும் தளர்ந்து ஏரியில் விழும். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போட்ட இன்சர்ட் இதைக் கொஞ்சம் தாங்கும். குழலில் இன்சர்ட் நுழையும் முனையில் பித்தளைப் பட்டை போடுவது அழகுக்காக மட்டுமல்ல, செருகிச் செருகி எடுக்கும்போது மரம் பிளக்காமல் இருக்கவும்தான்.

காதுக்கு இதில் பயிற்சி ஏறக்குறைய கிடையாது. பரிசாகக் கொடுக்க ஆறு ஊதல் வேண்டும், அடுத்த மாதத்துக்குள் வேண்டும் என்றால் தாராளமாக இந்த வழி. விற்றால், உள்ளே இருப்பது வாங்கிய சரக்கு என்று சொல்லிவிடுங்கள். ஊதல் செய்கிறவர்கள் நடுவே இதை மறைப்பவருக்கு மரியாதை இருக்காது.

ஜிக் வைத்து டோன்போர்டை நீங்களே அரத்தால் ராவுவது

இங்கேதான் வேலை ருசிக்கத் தொடங்குகிறது.

ஜிக் என்பது கடினப்படுத்திய எஃகில் செய்த ஓர் அச்சு. துளையிட்டுக் கடைந்த இன்சர்ட் கட்டையை அதற்குள் செருகித் திருகை இறுக்கினால், வெட்ட வேண்டிய பாதி மட்டும் அச்சுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அதை ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தை எஃகுப் பரப்பு தட்டும்வரை அரத்தால் ராவ வேண்டும். கார்க் உட்காரும் மேடையையும் அதே அச்சு காட்டிக்கொடுக்கும். விலை நூற்றுச் சொச்சம் டாலரில் தொடங்கும். ஆனால் கட்டையைக் கடைய லேத் வேண்டும், அல்லது லேத் உள்ள நண்பர் வேண்டும்.

"ஜிக் இருந்தால் எல்லா ஊதலும் ஒரே சத்தம்தானே" என்பார்கள். இல்லை. ஒரே ஜிக்கில் ஒரே நாளில் நான் செய்த மூன்று இன்சர்ட்டுகள் மூன்று பிறவி மாதிரி கத்தின. ஜிக் உங்களைத் தெருமுனைவரை கொண்டுவந்து விடும், வீட்டுக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும். அரத்தின் கடைசிப் பத்து இழுப்பு, வாய்க்கால் ஓரத்தில் ஒட்டிநிற்கும் மர நார், உப்புத்தாளைப் பிடித்த விரலின் சாய்வு, இவை ஒவ்வொன்றும் சத்தத்தில் வந்து உட்காரும்.

பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். ரீடைப் பொருத்தி விளக்குக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். கார்க்கருகே ரீடும் பலகையும் ஒட்டியிருக்க வேண்டும், அங்கிருந்து நுனிவரை வெளிச்சக் கீற்று படிப்படியாக அகல வேண்டும். நடுவில் எங்கேனும் கீற்று மறைந்து மறுபடி தோன்றினால் அங்கே மேடு. பலகையில் பென்சிலால் லேசாகத் தீற்றி 600-ஆம் எண் உப்புத்தாளால் ஒரே திசையில் இரண்டு இழுப்பு இழுத்தால், பென்சில் அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம்.

சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம். ரீடு அடிக்கடி ஒட்டிக்கொண்டு சத்தம் நின்றுபோனால் வளைவு போதவில்லை. மூச்சு முட்ட ஊதியும் வெறும் காற்றுதான் வருகிறது என்றால் வளைவு அதிகம், அல்லது ரீடு மிக நீளம். அழுத்தி ஊதும்போது மட்டும் கிறீச்சென்று உடைந்தால் நுனிப்பக்கம் எங்கோ பலகை தட்டையாக இருக்கிறது, அல்லது ரீடு குட்டையாகிவிட்டது. இங்கே ஒரு விதியை நான் மீறுவதே இல்லை: முதலில் கார்க், பிறகு ரீடு, கடைசியில்தான் பலகை. ரீடு போனால் இன்னொன்று வெட்டலாம். ராவிய மரம் திரும்பி வராது.

மறைந்த செலவுகளில் முதலாவது குப்பைக்கூடை. முதல் டஜன் இன்சர்ட் அதற்குத்தான். ஆகவே விலை உயர்ந்த மரத்தை அதில் போடாதீர்கள். போடார்க் என்று தென்மாநிலங்களில் சொல்லும் ஓசேஜ் ஆரஞ்சு மரம் கெட்டியானது, அரத்துக்கு நன்றாகப் படியும், பழக ஏற்றது. இரண்டாவது அரம். எஃகு அச்சில் உரசி உரசி மழுங்கும், மாற்ற வேண்டும். மூன்றாவதை ஆசை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு ஜிக் ஒரு வளைவைத்தான் தரும்; நான்காம் மாதம் இன்னொரு ஜிக் மேல் கண் போகும். போகட்டும், ஆனால் முதல் ஜிக்கில் நாற்பது ஐம்பது இன்சர்ட் செய்து முடிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். குறை ஜிக்கில் இருக்கிறது என்று நினைத்த ஒவ்வொரு முறையும் எனக்கு அது கையில்தான் இருந்தது.

ஜிக் இல்லாமல், கண்ணும் அரமும் மட்டும்

பழைய கைக்காரர்கள் இப்படித்தான் செய்தார்கள். நல்ல ஊதல் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, வெர்னியரால் அளந்து, ராவி, ஊதி, மறுபடி ராவி. ரீல்ஃபுட் பாணியில் போனால் பித்தளைத் தகட்டை வளைத்து ரீடு செய்வதும் சேரும். அது ஒரு தனி வித்தை, ஊதவும் நெஞ்சுரம் வேண்டும்.

செலவு குறைவு என்பதால் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எது நல்ல சத்தம் என்று காதுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் கை அதைத் தேடிப் போக முடியும். தற்செயலாக ஒரு ஊதல் அபாரமாக அமைந்துவிட்டாலும் அதை மறுபடி செய்ய முடியாமல் தவிப்போம். ஜிக்கில் நன்றாகப் பழகி, "இந்த வளைவு எனக்குப் போதவில்லை, நுனியில் இன்னும் கொஞ்சம் வேண்டும்" என்று சொல்லத் தெரிந்தவருக்கு இது அடுத்த படி. சொந்தப் பலகை வடிவம் வேண்டுமென்றால் கடைசியில் இந்த வழிக்கு வந்தே ஆக வேண்டும். இன்னொருவரின் பலகையை அப்படியே நகலெடுத்து விற்பது பழகுவதில் சேராது.

நாணல் ஊதல்

அபார்ட்மென்ட் நண்பருக்காக இதைச் சேர்க்கிறேன். லூசியானாவில் லேத் பார்க்காத எத்தனையோ கைகள் நாணலில் ஊதல் செய்திருக்கின்றன. அமெரிக்காவின் தென்கிழக்கில் ஆற்றோரம் வளரும் நாணல் இயற்கையிலேயே குழல். துளை போடும் வேலை மிச்சம். வேண்டியது நுண்ரம்பம், கூரான கத்தி, உருட்டு அரம், உப்புத்தாள். குழலுக்குள் பொருந்தும்படி மென்மரத்தில் டோன்போர்டைச் செதுக்கி, ரீடும் ஆப்பும் வைத்துச் செருக வேண்டும்.

சத்தம் மென்மையாக, கிட்டத்தில் பேசுவது மாதிரி இருக்கும். காற்றடிக்கும் அகண்ட ஏரியில் அது எடுபடாது. சதுப்பில், பக்கத்தில் இறங்கப்போகும் வாத்துக்கு இதுவே இதம்.

பணச் செலவு இல்லாத இடத்தில் பொறுமைச் செலவு. பச்சை நாணலை நிழலில் மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும், அதிலும் பாதி வெடிக்கும். ஒவ்வொன்றின் உள்விட்டமும் வேறு என்பதால் ஒன்றுக்குச் செய்த பலகை இன்னொன்றுக்குப் பொருந்தாது. பொது நிலத்தில் வெட்டுவதானால் முதலில் அனுமதி கேளுங்கள். காதுக்கும் கைக்கும் பயிற்சி என்று பார்த்தால் ஜிக்குக்கு இது சளைத்ததல்ல. என் பிள்ளைகள் கேட்டால் இதைத்தான் முதலில் கையில் கொடுப்பேன்.

ஒருவரிடம் போய்க் கற்பது

அனுபவம் உள்ளவரின் பட்டறையில் ஒரு நாள் உட்காருவதற்கு ஈடு எதுவும் இல்லை, நீங்கள் கேள்வியோடு போனால். வெறுங்கையோடு போனால் அவர் செய்வதை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். வீணாய்ப்போன ஐந்தாறு இன்சர்ட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "இது ஏன் கிறீச்சிடுகிறது?" என்று ஒன்றை நீட்டினால் அவர் மூன்று இழுப்பில் காட்டிவிடுவார்.

ஒரே பார்வையில்

| வழி | தொடக்கச் செலவு | வெளியே தெரியாத செலவு | காதுப் பயிற்சி | யாருக்கு |
|---|---|---|---|---|
| ரீடை மட்டும் மாற்றுவது | 50 டாலருக்குள் | வீட்டாரின் காது | மிக அதிகம் | சந்தேகத்தில் இருப்பவர், வேட்டைக்காரர் |
| ஆயத்த இன்சர்ட் | லேத் இருந்தால் சில டாலர்; இல்லாவிட்டால் ஆயிரத்தை ஒட்டி | தீட்டும் கருவி, தூசி | ஏறக்குறைய இல்லை | கடைசல் பழகியவர், பரிசுக்குச் செய்பவர் |
| ஜிக் | நூற்றுச் சொச்சம், லேத் தனி | முதல் டஜன் குப்பை, அரம், அடுத்த ஜிக் | அதிகம் | தொடர்ந்து செய்ய முடிவெடுத்தவர் |
| அரம் மட்டும் | குறைவு, லேத் தனி | பல மாதத் தோல்வி | காது முன்பே வேண்டும் | ஜிக்கைத் தாண்டியவர் |
| நாணல் | மிகக் குறைவு | உலர்த்தும் காலம், வெடிப்பு | அதிகம் | இயந்திரம் வைக்க இடமில்லாதவர் |
| பட்டறைப் பயிற்சி | ஒரு நாள் கட்டணம், பயணம் | தயாரில்லாமல் போனால் முழுதும் | போகிறவரைப் பொறுத்தது | கையில் சில தோல்விகள் உள்ளவர் |

மரமா அக்ரிலிக்கா, ஒற்றை ரீடா இரட்டையா

எந்த வழியில் போனாலும் இந்த இரண்டு கேள்வியும் வந்தே தீரும்.

அக்ரிலிக் ஈரத்துக்கு அசையாது, சத்தம் கூர்மையாக, தூரம் போகும். ஆனால் துளை போடும்போது அவசரப்பட்டால் சூட்டில் இளகிப் பிட்டில் சுற்றிக்கொள்ளும். சுருள் சுருளாக வரும் கழிவும் அதன் வாடையும் அறை முழுக்க நிற்கும். மரம் குரலை மென்மையாக்கும், கைக்கும் இதம், ஆனால் ஈரத்தில் அசைவதால் டோன்போர்டு பருவத்துக்குப் பருவம் மனம் மாறும். மரத்தின் டோன்போர்டில் தடிமனான மெருகு பூசாதீர்கள், ராவி எடுத்த வளைவை அது மூடிவிடும். கோகோபோலோ மரத்தின் நிறத்தில் மயங்காதவர் இல்லை. அதன் தூள் பலருக்குத் தோலில் தடிப்பும் மூச்சுத் தொந்தரவும் தரும், பழகப் பழகக் கூடும். மாஸ்க் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். அழிவாபத்துள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் அந்த மர இனம் இருப்பதால், நாடு தாண்டி அனுப்புவதற்கு முன் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீடு விஷயத்தில், இரட்டை ரீடு புதியவர் ஊதுவதற்கு எளிது. கரகரப்பு தானாகவே வரும், கிறீச்சல் குறைவு. ட்யூன் செய்யப் பழகுவதற்கு மட்டும் ஒற்றைதான். இரண்டு ரீடு இருந்தால் எதை மாற்றியதால் என்ன ஆனது என்று பிரித்தறிவதற்குள் பொழுது போய்விடும்.

அந்த மூவருக்கு

வேட்டைக்காரரிடம், இந்தப் பருவம் முழுக்க ரீடு வெட்டிக்கொண்டிருங்கள், லேத்தைப் பருவம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்றேன். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கடைசல்காரரிடம், நான்கு ஆயத்த இன்சர்ட் வாங்குங்கள், நான்கு குழல் கடைந்து ஆசை தீர்த்துக்கொண்டு நேராக ஜிக்குக்குப் போங்கள் என்றேன். துளை நேராகப் போடும் கை அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அவர் வாங்க வேண்டியது காது ஒன்றைத்தான், அதைக் கடையில் விற்பதில்லை என்றதும் சிரித்தார்.

மூன்றாமவர் நாணல் உலரக் காத்திருக்கும் நேரத்தில் 20 டாலர் ஊதல் ஒன்றைப் பிரித்துவிட்டார். போன வாரம் ஒரு பதிவு அனுப்பினார். ஏழு ரீடு, ஏழு குவாக், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் குரலில் எண். முதல் மூன்றும் பொம்மைக் கார் ஹாரன். ஐந்தாவதில் தெருநாய் ஒன்று குரைக்கத் தொடங்கியதும் பதிவில் கேட்கிறது. ஆறாவதை மட்டும் நான் நான்கு முறை திருப்பிக் கேட்டேன். "அந்த ரீடைத் தொடாதீர்கள், கோடு போட்டு எடுத்து வையுங்கள்" என்று பதில் எழுதினேன். அதற்குள் அவர் அதன் நுனியை இன்னும் கால் மில்லிமீட்டர் குறைத்துவிட்டிருந்தார்.